பேய்மிரட்டி: கண்டுபிடிப்பதும் பயன்படுத்துவதும்

தேவாரம், போடி மலையடிவாரத் தரிசுகளிலும் பாதையோரங்களிலும் தானாக வளரும் பேய்மிரட்டி, புதினா, துளசி, தும்பை குடும்பத்துச் செடி.

● அடையாளம்: தண்டைத் தடவினால் நான்கு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக, தடிப்பாக, வெண்ரோமத்துடன் இருக்கும். கசக்கினால் காட்டமான நெடி வரும். இளம் ஊதாப் பூ, இரண்டு உதடுகளாகப் பிரிந்திருக்கும்.

● கொசுவுக்கு: பச்சை இலையைத் திரியாகத் திரித்து, வேப்பெண்ணெயில் நனைத்து அகலில் ஏற்றுங்கள். எண்ணெய் இருக்கும்வரை நுனி மட்டுமே எரியும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

● சளிக்கு: கைப்பிடி இலையைக் கொதிநீரில் போட்டு ஆவி பிடிக்கலாம்.

● கவனம்: ஏலத்தோட்டங்களை ஒட்டிப் பறிக்காதீர்கள், பூச்சிமருந்து பட்டிருக்கும். கஷாயம் குடிப்பதென்றால் சித்த மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.