பிள்ளை பெற்ற பிறகு: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாய்மைதான் பெண்ணை முழுமையாக்குகிறது என்கிறார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் தன் ஆசைகளையெல்லாம் அவள் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும் என்றும் அதே வாய் சொல்கிறது. முழுமை பெற்றவள் ஏன் சுருங்கிப்போக வேண்டும் என்று கேட்பவர் குறைவு. மருத்துவமும் உளவியலும் மலையேற்ற வரலாறும் இந்த இரண்டு பேச்சையும் ஏற்பதில்லை.

“பிள்ளை பெற்றவளுக்கு மூளை மழுங்கிவிடும்”

கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மறதி கூடுவதாகப் பெண்கள் பலர் சொல்கிறார்கள். இரவுத் தூக்கம் கெட்டுப்போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மூளையின் அமைப்பும் உண்மையிலேயே மாறுகிறது. எல்சலின் ஹூக்சேமாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதல்முறை தாயாகும் பெண்களின் மூளையைக் கருவுறும் முன்பும் பிரசவத்துக்குப் பின்பும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டு, 2016 இறுதியில் முடிவுகளை வெளியிட்டனர். பிறர் மனதை உணர்ந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல் நிறப் பொருளின் அளவு குறைந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்த மாற்றம் நீடித்தது.

குறைந்தது என்றதும் கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பதின்பருவத்திலும் மூளையின் சாம்பல் நிறப் பொருள் இப்படித்தான் குறைகிறது; தேவையற்ற இணைப்புகள் கழிந்து மற்றவை கூர்மையடைகின்றன. தாய்மையில் நடப்பதும் இதை ஒத்ததுதான் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அந்தப் பெண்களின் நினைவாற்றல் சோதனைகளில் சரிவு எதுவும் தென்படவில்லை. மாற்றம் அதிகமாக இருந்த தாய்மாரிடம் குழந்தையோடு ஒட்டுதலும் அதிகமாக இருந்தது.

பருவமடைவதைப் போலத் தாயாவதும் ஒரு பருவமாற்றம் என்று அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல் 1970களிலேயே எழுதினார். தமிழ் வீடுகளில் வயதுக்கு வந்தால் சடங்கு உண்டு, ஏழாம் மாதம் வளைகாப்பு உண்டு. பிரசவத்துக்குப் பிறகு நடக்கும் காப்புப் போடுவதும் பெயர் வைப்பதும் குழந்தைக்கானவை. தாயானவளின் மாற்றத்தை யாரும் தனியே கவனிப்பதில்லை.

“முதல் அழுகையைக் கேட்டதும் பாசம் பொங்கும், பொங்காவிட்டால் அவள் தாயே இல்லை”

பாசம் சிலருக்கு உடனே வருகிறது. சிலருக்கு நாட்கள், வாரங்கள்கூட ஆகின்றன. இரண்டும் இயல்பே. தாயின் பாசம் ஒன்றே பிள்ளையை வளர்த்துவிடுவதும் இல்லை. மனித இனத்தில் தாய் தனியாகப் பிள்ளை வளர்த்ததே கிடையாது என்பதை சாரா பிளாஃபர் ஹர்டி என்னும் மானிடவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். பாட்டி, அத்தை, மூத்த பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் என்று பல கைகள் சேர்ந்துதான் மனிதக் குழந்தையைப் பிழைக்க வைத்தன. எல்லாம் தாயின் உள்ளுணர்வே பார்த்துக்கொள்ளும் என்று மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மனித வரலாற்றோடு பொருந்தாத வழக்கம்.

பிரசவத்துக்குப் பின் இரண்டொரு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு நேர்ந்து தானாகவே அடங்குகிறது. அடங்காமல் நீடிக்கும் சோர்வும் குற்றவுணர்வும் வேறு. அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்னும் நோய். பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, குறிப்பாக மனச்சோர்வு, ஏற்படுவதாகவும், வளரும் நாடுகளில் இந்த அளவு இன்னும் கூடுதல் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மாரிடம் ஆய்வு செய்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணிகளாக மருத்துவர்கள் கண்டவை ஒவ்வொரு வீட்டிலும் படித்துக் காட்டத் தகுந்தவை: வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வேலைக்கு ஒத்தாசை இல்லாமை. இவற்றில் பாதிக்கு மேல் சுற்றியிருப்பவர்களின் கையில் இருப்பவை. ‘பச்சை உடம்புக்காரிக்கு வேலை வைக்காதே’ என்ற பழைய பேச்சில் நியாயம் இருக்கிறது. அந்த ஒத்தாசை குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் வருவதோடு நின்றுவிடக் கூடாது.

“பிரசவம் ஆனதும் உடம்பின் பலம் போய்விடும்”

பிரசவத்துக்குப் பின் உடல் மீள அவகாசம் வேண்டும். ஓட்டப் பயிற்சியைக் குறைந்தது 12 வாரங்களுக்குத் தள்ளிவைக்கப் பரிந்துரைக்கிறார்கள். மீண்ட உடல் பலவீனமான உடல் அல்ல. ஓட்டப் பந்தய வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் மகளைப் பெற்று, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். மணிப்பூரின் மேரி கோம் 2007இல் இரட்டையரைப் பெற்று, 2008இல் மீண்டும் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றார். ஆறாவது உலகப் பட்டத்தை 2018இல் டெல்லியில் வென்றபோது அவர் மூன்று பிள்ளைகளின் தாய்.

“பிள்ளையை விட்டுவிட்டு மலையேறப் போகிறவள் சுயநலக்காரி”

எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட பெண்ணே ஒரு தாய்தான். ஜப்பானின் ஜுன்கோ தபெய் 1969இல் பெண்களுக்கென ஒரு மலையேற்றக் கழகத்தைத் தொடங்கினார். எவரெஸ்ட் பயணத்துக்குப் பணம் திரட்டப் போன இடங்களில், வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு நாளிதழும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் உதவின. மீதிக்கு அந்தப் பெண்கள் சிக்கனம் பிடித்தார்கள். கார் இருக்கை உறையைக் கத்தரித்து நீர் புகாத கையுறை தைத்துக்கொண்டார்கள். தபெயின் மகளுக்கு அப்போது சுமார் மூன்று வயது.

1975 மே 4 அன்று இரண்டாம் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது பனிச்சரிவு விழுந்தது. கூடாரத்தோடு புதைந்து சுமார் ஆறு நிமிடம் நினைவிழந்து கிடந்த தபெயை ஷெர்பாக்கள் இழுத்து வெளியே போட்டார்கள். இரண்டு நாட்களுக்கு அவரால் சரியாக நடக்கக்கூட முடியவில்லை. ஆனாலும் இறங்கிப் போகவில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே கத்தி முனை போன்ற பனி முகடு ஒன்று வந்தது. உடம்பின் ஒரு பாதி சீனாவின் பக்கமும் மறு பாதி நேபாளத்தின் பக்கமும் தொங்க, பக்கவாட்டில் ஊர்ந்தே அதைக் கடந்தார். மே 16 அன்று உச்சியில் நின்றார். பதினொரு நாள் கழித்து வடக்குப் பக்கமாக ஏறி, எவரெஸ்ட் உச்சியை எட்டிய இரண்டாவது பெண் ஆனார் திபெத்தின் பான்டோக். அவர் மூன்று பிள்ளைகளின் தாய்.

ஆபத்து பொய்யல்ல. பிரிட்டனின் அலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995 மே மாதம் ஷெர்பாக்களின் உதவியோ ஆக்சிஜன் உருளையோ இல்லாமல் எவரெஸ்டில் ஏறினார். மூன்று மாதம் கழித்து கே2 மலையில் புயலில் இறந்தார். இரண்டு சிறு குழந்தைகளை விட்டுவிட்டு இப்படிப் போகலாமா என்று பத்திரிகைகள் அவரைக் கடுமையாகக் கண்டித்தன. இதே பிரிட்டனின் ஜார்ஜ் மாலரி 1924இல் எவரெஸ்டில் மறைந்தபோது அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், மூன்று பேர். அவருக்காக லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில் மன்னரே கலந்துகொண்டார். பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாரா என்ற கேள்வி நியாயமானது. தகப்பனிடம் கேட்காத அதைத் தாயிடம் மட்டும் கேட்பதுதான் அநியாயம்.

மலையேறும் தாய்மார் திரும்பத் திரும்ப மலைக்குப் போக முடிந்ததற்குக் காரணம் அசாதாரண மனவுறுதி மட்டுமல்ல. தபெய் இல்லாத நாட்களில் மகளைக் கணவர் பார்த்துக்கொண்டார். இரண்டு மகள்களின் தாயான அருணாசலப் பிரதேசத்தின் அன்ஷு ஜாம்சென்பா 2017 மே மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் இருமுறை எவரெஸ்ட் ஏறினார். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, இரண்டு பிள்ளைகளின் தாய். 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். இப்படிப்பட்ட பயணத்துக்கு வாரக்கணக்கில் வீட்டை விட்டு விலகியிருக்க வேண்டும். அந்த நாட்களில் பிள்ளைக்குச் சோறூட்டவும் பள்ளிக்கு அனுப்பவும் யாரோ இருந்தாக வேண்டும்.

“பிள்ளைகள் தலையெடுத்ததும் அவளுக்கு வெறுமைதான் மிச்சம்”

பிள்ளைகள் படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போகும்போது வருத்தம் வராத தாய் இல்லை. அந்த வருத்தம் பெரும்பாலும் நிரந்தரமாகத் தங்குவதில்லை. நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு அந்தப் பெண்களின் மணவாழ்வில் நிறைவு கூடியிருந்தது. கணவனோடு கழிக்கும் நேரம் கூடியதல்ல, அந்த நேரத்தை அனுபவிக்க முடிந்ததே காரணம். நடுவயதில் புதிய உயரம் தொட்டவர்களும் உண்டு. ஜாம்ஷெட்பூரின் பிரேமலதா அகர்வால், இரண்டு மகள்களின் தாய். முப்பதுகளின் நடுவில்தான் மலையேறக் கற்கத் தொடங்கினார். 2011இல் எவரெஸ்ட் ஏறினார். 2013இல் ஏழு கண்டங்களின் மிக உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்த முதல் இந்தியப் பெண் ஆனார்.

“சாகசம் வசதி படைத்தவர்களுக்கே”

புதுக்கோட்டை இதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அதை எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாக்கியவர் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். தெருவில் கேலி பேசியவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதிலும் சிலர் அதைத்தான் விரும்பினார்கள்: இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓடும் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். விளைபொருளை விற்கப் பல ஊர்களுக்குப் போய்வர முடிந்தது. பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட அப்பாவையோ அண்ணனையோ கணவனையோ எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலையும் போனது.