ஏறக்குறைய என்னும் சொல்

பேச்சுவழக்கில் அளவைத் திட்டமாகக் கூறாது விடுதல் குற்றமன்று. 'பத்துப் பெட்டி' என்றால் பத்தேதான். 'ஒரு பத்துப் பெட்டி' என்றாலோ ஒன்பதாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். முன்வந்த 'ஒரு' என்னும் சிறுசொல் எண்ணை நெகிழ்த்திவிடுகிறது. 'நாலைந்து', 'ஏழெட்டு' என்பனவும் அத்தகையனவே. ஆங்கிலப் பேச்சில் 'அபவுட்', 'சார்ட் ஆஃப்' முதலியன இப்பணியைச் செய்கின்றன. இவற்றைக் கேட்டுப் பழகிய நம் மாணவர் ஆங்கிலம் கைவந்ததென மகிழ்வர். மகிழட்டும். ஆயின் இவற்றுள் சில, பின்னலாடை ஏற்றுமதிக்கான எல்.சி.யில் இடம்பெறும்போது வேறு பிறவி எடுக்கின்றன.

எல்.சி. என்பது, வாங்குவோர் சார்பில் வங்கி எழுதித் தரும் பண உறுதிக் கடிதம். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை; ஆவணங்களையே பார்க்கும். எனவே தையற்கூடத்தில் பலர் உழைத்த உழைப்பின் பயன் இரண்டொரு சொல்லில் தங்கிவிடுகிறது. இக்கடிதங்களுக்கான பொதுவிதிகளைப் பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1933 முதல் வெளியிட்டு வருகிறது. யு.சி.பி. 600 என்னும் பதிப்பு 2007 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதன் 30ஆம் விதிப்படி 'அபவுட்', 'அப்ராக்சிமேட்லி' என்பவற்றுக்கு, நூற்றுக்குப் பத்து வரை கூடவோ குறையவோ என்பது பொருள். 'அபவுட் 10,000 உருப்படி' எனின் 9,000 முதல் 11,000 வரை அனுப்பலாம். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அச்சொல் எதனைச் சார்ந்து நிற்கிறதோ அதற்கு மட்டுமே அந்நெகிழ்வு. எண்ணிக்கையோடு நின்று தொகையோடு நில்லாவிடின், 11,000 அனுப்பியவரும் குறித்த தொகைக்கு மேல் அக்கடிதத்தின்வழிப் பெற இயலாது. அடைமொழி எதனைத் தழுவுகிறது என்று இலக்கண வகுப்பில் நாம் கேட்கும் வினாவே இது!

அச்சொல்லே இல்லையெனின்? துணியை எடையால் குறித்திருந்தால், தொகை மிகாதவரை, நூற்றுக்கு ஐந்து வேறுபாட்டுக்கு விதி இடந்தருகிறது. பனியனைப்போல் உருப்படியாக எண்ணிக் குறித்தால் அச்சலுகையும் இல்லை.

நாளுக்கும் இத்தகைய வரையறை உண்டு. 'ஆன் ஆர் அபவுட்' எனின் குறித்த நாளுக்கு முன் ஐந்து நாள், பின் ஐந்து நாள். மாதத் தொடக்கம் என்பது 1 முதல் 10 வரை, நடு என்பது 11 முதல் 20 வரை, எஞ்சியது இறுதி. 'ப்ராம்ப்ட்', 'இமீடியட்லி', 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' ஆகியவற்றையோ, ஓர் ஆவணத்தில் எழுதப்பட வேண்டுமென்று கேட்டிருந்தாலன்றி, விதி பொருட்படுத்துவதே இல்லை. மிக்க அவசரத்தோடு எழுதிய சொல் வங்கி மேசையில் செல்லாக்காசாவது வியப்பே. அவசரம் மெய்யாயின், கப்பலேற்றத்துக்குரிய கடைசித் தேதியை எண்ணால் எழுதியிருத்தல் வேண்டும்.