ஓ.எல். முடிந்தால் படிப்பு முடிந்ததா?



"பிள்ளை ஓ.எல். எழுதிட்டான், இனி என்ன செய்யிறது?" என்று பல லயங்களில் கேட்கிறார்கள். வழி தெரியாமலே எத்தனையோ பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வழியை இங்கே பார்ப்போம். 1977 கலவரத்தின் பின் நம்மவர் பலர் போய்க் குடியேறிய வன்னியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருக்கிறது. அரச பாடசாலையிலும் சரி, அரச பல்கலைக்கழகத்திலும் சரி, படிப்புக்குக் கட்டணம் இல்லை.

அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகத் தடை இல்லை. சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தியும், அவற்றில் 3 திறமைச் சித்தியும் பெற்றால் பொதுவாக உயர்தரம் படிக்கலாம்.

உயர்தரத்தில் முக்கியமானது இசட் புள்ளி. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் புள்ளி இது. பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 இடம் மாவட்டங்களுக்கு, 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா போலவே நமது நுவரெலியா, பதுளை மாவட்டங்களும் இந்தச் சலுகைக்குரியவை. பரீட்சைக்கு முந்திய 3 வருடம் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பதே கணக்கு. ஆகவே கடைசி நேரத்தில் பாடசாலை மாற்றுமுன் அதிபரிடம் விசாரியுங்கள். உயர்தரத்தை 3 தடவை எழுதலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வன்னிப் பிள்ளைகள் 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் முகாம்களில் இருந்துகொண்டே உயர்தரம் எழுதினார்கள். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடவில்லை. ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும், வவுனியா கல்வியியற் கல்லூரியும் உண்டு. கைத்தொழிலில் விருப்பம் உள்ள பிள்ளைக்கு அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஓ.எல். தவறிய பிள்ளைக்கும் சில பாடசாலைகளில் தொழிற்பாடத் துறை உண்டு.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள். பரீட்சை முடிவு வந்ததும் வேலை தேடுமுன் பாடசாலைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். அந்த ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை.