காய்கறிக் கழிவில் எரியும் அடுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"மாடே இல்லை, கோபர் கேஸ் எப்படி?" கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் ரத வீதியிலோ மொட்டை மாடியில் சாண எரிவாயுக் கலன் வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி இது. சாணம் தொடக்கத்துக்குத்தான் தேவை. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களை அது கொண்டுவந்து சேர்க்கிறது. பிறகு கழிவே போதும். புனேயில் ஆனந்த் கார்வேயின் 'ஆர்ட்டி' நிறுவனம் மாவுச்சத்துக் கழிவில் இயங்கும் சிறு கலனுக்காக 2006-இல் ஆஷ்டன் விருது பெற்றது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் 'சக்தி சுரபி'யும் சமையலறைக் கழிவில் ஓடுவதுதான். சாணம் என்பது மாடு சத்தை எடுத்துக்கொண்ட மிச்சம். வடித்த கஞ்சியிலும் புளித்துப்போன மாவிலும் அந்தச் சத்து அப்படியே இருக்கிறது.

"கலன் வந்தால் சிலிண்டரே வேண்டாம்." இப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 450 கிராம் எல்.பி.ஜி.க்குச் சமம். ஆக, 14.2 கிலோ சிலிண்டருக்கு ஈடாக 31 கன மீட்டருக்கு மேல் வேண்டும். காய்கறித் தோலாக நாளுக்கு 2 கிலோ ஈரக் கழிவு போட்டால் கால் கன மீட்டர் கிடைப்பதே பெரிது. அதில் காலைக் காப்பியும் மதியம் ஒரு குழம்பும் ஆகும். ஒரு சிலிண்டர் அளவு சேர நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் நல்ல லாபம்தான், ஆனால் லாபம் அவ்வளவுதான். சோறும் கஞ்சியும் மிஞ்சுகிற மெஸ்ஸுக்கும் விடுதிக்கும் கணக்கு வேறு.

"அதிகம் போட்டால் அதிகம் கேஸ்." கலன்களைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த நம்பிக்கைதான். கழிவு முதலில் அமிலமாகி, பிறகே மீத்தேனாகிறது. அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் வேகமானவை. மீத்தேன் நுண்ணுயிர்கள் மெதுவானவை. பண்ருட்டிப் பலாப்பழக் காலத்தில் சக்கையை ஒரேயடியாகக் கொட்டினால் சர்க்கரையெல்லாம் புளித்து, கலன் நாறும், அடுப்பு எரியாது. உடனே எதையும் போடுவதை நிறுத்துங்கள். சில நாள் விட்டு, கொஞ்சம் சாணக் கரைசல் ஊற்றி, பிறகு சிறுகச் சிறுகப் போடுங்கள். கொத்சுக்கு நறுக்கிய கத்தரிக்காயின் காம்பு, தேங்காய் நார், முட்டை ஓடு, மீன் முள், செதில் எதுவும் எளிதில் மக்காது, அவற்றைப் போடாதீர்கள். மீன் குடலை மட்டும் மிகக் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

"வெடித்துவிடும்." சிலிண்டரைப்போல் உயர் அழுத்தம் இதில் கிடையாது, சில சென்டிமீட்டர் நீர் அழுத்தம்தான். அதற்காக அலட்சியம் கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். கலனைத் திறந்த வெளியில் வையுங்கள், குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்.

முதலில் வரும் வாயு பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது. அதைப் பார்த்துவிட்டு மனம் தளர்ந்துவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளிர்ந்தால் வாயு குறையும். குழாயில் நீர் தேங்கினால் சுடர் படபடக்கும், நீரை வடித்துவிட்டால் சரியாகும்.

கலன் வாங்கும் முன் ஒரு வாரம் உங்கள் வீட்டுக் கழிவை எடை போடுங்கள். நாளுக்கு ஒரு கிலோகூடத் தேறாவிட்டால், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஒன்று வையுங்கள்.