நாலு பேர் என்ன சொல்லுவாங்க?

லயத்தில் நாம் மெதுவாய் ஜெபித்தாலும் பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்கும். "பெரிய பக்திதான்!" என்று யாராவது சிரிப்பார்களோ என்று கூச்சம். மலையில் சாப்பிடுமுன் கண்ணை மூடி நன்றி சொல்லவும் தயங்குகிறோம்.

யோவான் சுவிசேஷத்தில் வரும் நிக்கொதேமுவைப் பாருங்கள். யூத அதிகாரிகளில் ஒருவர், மதிப்புள்ள போதகர். அவர் இயேசுவிடம் முதலில் வந்தது இராத்திரியில் (3-ம் அதிகாரம்). நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்ற பயமாக இருக்கலாம். ஆனாலும் இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பொறுமையாய்ப் பேசினார்.

பிறகு தலைவர்கள் இயேசுவைக் குற்றப்படுத்தினபோது, விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமா என்று ஒரு கேள்வி கேட்டார் (7-ம் அதிகாரம்). கேலிதான் பதிலாய்க் கிடைத்தது.

கடைசியில், இயேசு சிலுவையில் மரித்த நாள் (19-ம் அதிகாரம்). அதுவரை பயந்து மறைவாய் விசுவாசித்த அரிமத்தியா யோசேப்பு உடலைக் கேட்டு வாங்கினார். நிக்கொதேமு சுமார் 100 இராத்தல் வாசனைப் பொருளோடு வந்தார். இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கு மேல். கொழுந்து சுமக்கிற நமக்குத் தெரியும், அது மறைத்துக் கொண்டுபோகிற சுமையல்ல.

பயம் ஒரே நாளில் போகாது. அவருக்கும் படிப்படியாய்த்தான் போயிற்று. ஆகவே இந்தக் கிழமை சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்லித் தொடங்குவோம். சிரித்தால் சிரிக்கட்டும்; கோபமும் வேண்டாம், வாதமும் வேண்டாம். சிரித்தவர் வீட்டில் கஷ்டம் வந்தால் முதல் ஆளாய்ப் போய் நிற்போம். "ஏன் வந்தீங்க?" என்று கேட்டால், இயேசுவைப் பற்றி அப்போது சொல்லுவோம்.