சுடலை காத்த வேந்தன்: ஒரு பாத்திரமும் அதன் நடிகரும்

அவலச்சுவை கண்ணீரின் அளவால் அறியப்படுவதன்று. கண்ணீரை அடக்க நேரும் இடத்திலேயே அது முதிர்கின்றது. இதனை மாணவர்க்கு உணர்த்த அரிச்சந்திரனினும் சிறந்த நாடகப் பாத்திரத்தை நாம் கண்டிலம்.

வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணமும் அக்கதை தழுவிய நாடகங்களும் தமிழர் நன்கறிந்தவை. வாய்மைக்காக நாடிழந்த வேந்தன், விசுவாமித்திரருக்குத் தரவேண்டிய பொருளுக்காகக் காசியில் மனைவியையும் மகனையும் காலகண்டருக்கு விற்று, தன்னை வீரவாகுவுக்கு விற்றுச் சுடலை காக்கின்றான். அரவு தீண்டி இறந்த லோகிதாசனை நள்ளிரவிற் சுமந்து வருகின்றாள் சந்திரமதி. கால் பணமும் முழத்துண்டும் ஆண்டானுக்கு, வாய்க்கரிசி காவலனுக்கு என்பது சுடலையின் முறை. அவளிடமோ ஒன்றுமில்லை. கழுத்துத் தாலியை விற்று வருமாறு அவன் சொல்ல, கணவனுக்கன்றிப் பிறர்க்குப் புலப்படாத தாலி அஃது ஆதலின், ஒருவரையொருவர் அறிகின்றனர். தனக்குரிய வாய்க்கரிசியை விட ஒப்பும் அவன், மனைவியென்று அறிந்த பின்னரும் ஆண்டானுக்குரியதை விடுகின்றானில்லை. நடிகனுக்குரிய சோதனை இவ்விடமேயாம்.

பாலர் நாடகக் கம்பனியில் வளர்ந்த பி. யு. சின்னப்பா, 1944இல் வெளிவந்த படத்திலே கண்ணாம்பாவுடன் இவ்வேடம் ஏற்றார். பாட்டே நடிகனின் முதற்கருவியாயிருந்த காலம் அது. வேந்தன் துயரம் இசையாகவே வெளிப்பட வேண்டியிருந்தது. 1968இல் ஜி. வரலட்சுமியுடன் நடித்த சிவாஜி கணேசனும் நாடகமேடை தந்தவரே. ஆயின் முகத்தை அணுகிக் காட்டும் கமராவின் முன், கண்ணும் இதழும் குரலின் ஏற்ற இறக்கமும் இசையின் இடத்தைப் பெற்றன. காங்கேசன்துறை ஈன்ற நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989), வசந்தகான சபாவின் மேடையில் மயான காண்டத்தைப் பல நூறு இரவுகள் நடித்தார். முடிவை முன்னரே அறிந்து வந்த அவையோர்க்கு, ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைநிற்க, கதையையன்று, அதனைத் தாங்கும் முறையையே அவர் அளிக்க வேண்டியிருந்தது. பாட்டு காலத்தை நீட்டும். கமரா இடத்தைக் குறுக்கும். எவ்வழி நின்றாலும், கூலி கேட்கும் குரல் தந்தையின் குரலா, காவலனின் குரலா என்பதை நடிகனே தீர்மானித்தாக வேண்டும்.

சிறுவயதில் இந்நாடகத்தைக் கண்ட காந்தியடிகள், யாவரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் வாய்மையாளராகலாகாது என்று தம்மையே வினவியதாகத் தன்வரலாற்றிற் கூறுகின்றார். மலைநாட்டார் நமக்கோ இக்கதையில் மற்றொன்றும் புலப்படும். கடனுக்காகத் தன்னை விற்ற மனிதன் நமக்குப் புராணத்தில் மட்டும் வாழ்பவனல்லன். தொழிலாளியின் கடனை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு நம் முன்னோரைப் பிணித்திருந்தது. அத்தொகையைச் செலுத்த ஒப்பும் தோட்டத்துக்கே அவர் மாறிச் செல்லலாம். 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. எனவே, தன்னுடையதல்லாத கூலியைத் தான் மன்னிக்க இயலாத ஒருவனின் நிலை நம் அவையோர்க்கு விளக்க வேண்டாதது.

இதனை நாமே ஒரு மாணவனிடம் கற்றோம். கலைவிழா ஒத்திகையில் அவன் இவ்வசனத்தை உணர்ச்சியின்றிப் பேசுகின்றான் என்று கடிந்தோம். அழுது பேசுமாறு பணித்தோம். தலையசைத்தான். மேடையிலோ, காலைப் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் அழைக்கும் குரலில், கால் பணம், முழத்துண்டு என்று மட்டும் சொல்லி நின்றான். பற்றியிருந்த தடி நடுங்கிற்று, குரல் நடுங்கவில்லை. கொழுந்துக்கூடையை இறக்கிவைத்து நேரே வந்திருந்த தாய்மார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டனர். திரை வீழ்ந்தபின் அவனிடம் சென்று, பிழை எம்முடையது என்றோம்.

மாசியிற் காமன் கூத்தின் இரதி புலம்புவாள். புலம்பலே அவள் பாத்திரம். அரிச்சந்திரனோ புலம்ப உரிமையற்றவன். மேடையேறும் மாணவர் இவ்வேறுபாட்டை உணர்வாராக. நடிகன் தான் அழுது தீர்த்தால், அவையோர்க்கு அழ ஒன்றும் எஞ்சாது.