டிஜே ஆக நினைக்கும் புந்தோங் தம்பிக்கு



டிஜே ஆகப் போவதாக வீட்டில் சொன்னால், "பாட்டுப் போடுவதெல்லாம் ஒரு வேலையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலைதான். ஆனால் நம் ஈப்போவில் ஒரு தமிழ் டிஜேவுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் கல்யாண டின்னர்.

அந்த மண்டபத்தை நினைத்துப் பார். முன்வரிசையில் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய பாட்டி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த அவர் பிள்ளைகள். பட்டணத்திலேயே பிறந்த பேரப்பிள்ளைகள். பக்கத்து மேசையில் மலாய், சீன அலுவலக நண்பர்கள். பாட்டிக்கு டி.எம்.எஸ்., மகனுக்கு இளையராஜா, பேரனுக்கு அனிருத், மாப்பிள்ளைத் தோழர்களுக்கு உறுமி மேளம். இவர்கள் எல்லாரையும் ஒரே இரவில் உட்கார வைப்பதும் ஆட வைப்பதும்தான் தொழில். புதுப்பாட்டு மட்டும் தெரிந்தவர் இங்கே அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிப்பது கடினம்.

கூட்டத்தைக் கவனித்து வாசிப்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் தன் தங்கை வைத்த விருந்தில் இசைத்தட்டுப் போட்டார். பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கண்டுகொண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்தச் சில நொடிகளை நீட்டினார். ஹிப் ஹாப்பே அங்கிருந்துதான் கிளைத்தது. அது மலேசியத் தமிழுக்கு வந்து, 2006இல் யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பமானது. அதிலுள்ள 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டின் மீது கட்டப்பட்டது. அப்பாவும் மகனும் ஒன்றாக ஆடக்கூடிய பாட்டு அது. மண்டபத்தில் நீ தேட வேண்டியதும் அந்த மாதிரிப் பாலங்களைத்தான்.

தொழில்நுட்பத்துக்குச் சின்ன கன்ட்ரோலர் ஒன்றும் மடிக்கணினியும் போதும், பழையதாகவே வாங்கலாம். ஆனால் இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாக ஒன்றாக்கும் 'சிங்க்' பொத்தானை நம்பாதே. எழுபது, எண்பதுகளின் பாட்டுகளை வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். வேகம் லேசாகக் கூடும், குறையும். அதனால் கலக்கும்போது நடுவில் இரண்டு பாட்டின் தாளமும் பிரிந்துவிடும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் ஓடும் குத்துப்பாட்டை, நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரப் பாட்டோடு அப்படியே கலக்கவும் முடியாது. பல்லவி முடியும் இடத்தில் வெட்டித் தாவ வேண்டும். இதற்குக் காதுதான் கருவி.

அந்தக் காதைக் காப்பாற்று. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 101 டெசிபலில் 20 நிமிடம்கூட இல்லை. ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்கும் உனக்குக் காதடைப்பான் செருப்பு மாதிரி அவசியம்.

மின்னல் எஃப்எம், ராகா வானொலி அறிவிப்பாளர்களையும் நம்மூரில் டிஜே என்றே அழைக்கிறோம். அங்கே பேச்சுதான் மூலதனம்; மேடையில் மைக் பிடித்துப் பழகியவருக்கு அந்தக் கதவும் திறக்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மாதங்களில் வருமானம் படுத்துவிடும். முதல் சில ஆண்டுகள் பகல் வேலையை விடாமல், வார இறுதியில் மட்டும் வாசி. முன்பணம், முடிக்கும் நேரம், கூடுதல் மணிக்கான கூலி, சாமான் ஏற்றிச்செல்லும் செலவு நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள். பொது நிகழ்ச்சி என்றால் இசை உரிமம் எடுப்பது மண்டபமா, ஏற்பாட்டாளரா, நீயா என்பதையும் அதே தாளில் எழுதிவிடு.